வேலாத்தா ஸ்டாப்

வேலாத்தா ஸ்டாப்புன்னு எழுதீட்டியா அம்மிணி? எழுதீட்டா அதும் மேல ஒரு கோடு போட்டு வெய்யி. முழுசா அழிக்க வேண்டாம், கோடு மட்டும் போடு. நான் சொல்றதக் கேட்டுப்போட்டு அப்பறம் எதை எழுதறதுன்னு பாத்துக்கலாம். உனக்கு அவசரம் ஒண்ணுமில்லையே? அடுத்த வண்டி பன்னண்டே காலுக்கு. அதுவும் வந்தா உண்டு.

உக்காரு. அந்தச் சேர் வேண்டாம், அது அவுரு உக்கார்றது. இதுல உக்காரு. மோர் குடிக்கறயா? மொதல்ல குடி, அப்பறம் எழுதலாம்.

பஞ்சாயத்துத் தலைவரம்மா நேத்தே போன் பண்ணிச் சொல்லிப்போட்டாங்க. காலேஜுல இருந்து ஒரு புள்ள வருதுக்கா, இந்த ரோட்டுல இருக்கற ஸ்டாப்புப் பேரெல்லாம் எதனால வந்துச்சுன்னு எழுதறா, அவ எழுதற பேரத்தான் புது நெழல்கொடையில போர்டு எழுதப் போறம்னு. பெயிண்டரு இந்த வெள்ளிக்கெழம வாரானாம். அப்ப நீ இன்னைக்கு என்ன எழுதறயோ அதுதான் வெள்ளிக்கெழம செவுத்துல நிக்கும். அதனாலதான் கோடு போடச் சொன்னன்.

இந்த ஊட்டுல வேலாத்தான்னு யாரும் கெடையாது. என்ற பேரு துளசிமணி. முப்பத்தொரு வருசமா இங்க நான்தான் இருக்கறன். வாசல்ல பஸ்ஸு நிக்குது. கூட்டறது நானு, தண்ணி தெளிக்கறது நானு, பஸ்ஸுக்கு நிக்கறவங்களுக்குக் குடிக்கத் தண்ணி குடுக்கறது நானு. பேரு மட்டும் அவ பேரு. அவ யாருன்னு கேக்கறயா? எங்கூட்டுக்காரரு மொதல்ல கட்டுன பொம்பள. மூணு வருசம் இருந்தா. அப்பறம் போயிட்டா. மூணு பெருசா முப்பத்தொண்ணு பெருசா? நீ காலேஜுல படிக்கறவ, நீயே சொல்லு.

எங்கூட்டுக்காரரு பேரு எழுதோணுமா? ரேசன் கார்டு தாரன், பாத்து எழுதிக்க. நான் சொல்ல மாட்டன். அதெல்லாம் பழக்கமில்ல.

என்னையப் பொண்ணு கேட்டு வந்தப்பவே சொல்லித்தான் கேட்டாங்க. மொதல்ல ஒருத்தியக் கட்டுனது, ரெண்டு பக்கத்துப் பெரியவங்களும் பேசி அத்து உட்டாச்சு, தாலியும் திரும்பி வந்துருச்சுன்னு. எனக்கும் இருபத்தாறு முடிஞ்சு போச்சு. ஜாதகத்துல செவ்வாய். எங்கம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க, எதனால போனான்னு. அந்தப் புள்ளைக்கு வாய் ஜாஸ்திங்கன்னாங்க. எங்கம்மாவுக்கு நெம்ப சந்தோசம். என்ற மகளுக்கு வாயே கெடையாதுன்னு சொல்லி அன்னைக்கே வெத்தல மாத்திக்கிட்டாங்க.

கோயல்ல தாலி கட்டி, பஸ்ஸுல வந்தம். மாப்பள ஊட்டுக்குக் கார் வெச்சுக் கூட்டிட்டுப் போற காலமா அது? கழுத்துல மாலை வாடக்கூட இல்ல. இந்த எடம் வந்துச்சு. கண்டக்டர் விசில ஊதிப்போட்டு, 'வேலாத்தா ஸ்டாப், வேலாத்தா ஸ்டாப், மாலை போட்டவங்கெல்லாம் எறங்குங்க'ன்னு கத்தறான். எங்க அத்தை ஒருத்தங்க வெள்ளந்தியாக் கேட்டாங்க, 'யாருங்க வேலாத்தா?'ன்னு. பஸ்ஸுல ஒருத்தரு வாயத் தொறக்குல. எங்கூட்டுக்காரரும் தொறக்குல. அவுரு தொறக்காததுல ஆச்சரியப்பட ஒண்ணுமில்லைன்னு அப்பறமாத்தான் தெரிஞ்சுது.

தப்பா நெனைச்சுக்காத சாமி. எங்கூட்டுக்காரரு தங்கமான மனுசன். குடி இல்ல, சீட்டு இல்ல. ஒரு அடி அடிச்சதில்ல. ஒரு கெட்ட வார்த்த சொன்னதில்ல. சொல்லப்போனா ஒரு வார்த்தையும் சொன்னதில்ல. ஊமையெல்லாம் இல்ல கண்ணு, நல்லாப் பேசுவாரு. எருமைகிட்டப் பேசுவாரு. காத்தால பால் கறக்கறப்ப, 'இன்னைக்கிக் கொள்ளு ரசம் வெச்சா நல்லா இருக்குமல்ல'ன்னு எருமைகிட்டச் சொல்லுவாரு. நான் வெச்சுருவன். சாப்புட்டுட்டுப் போயி, 'உப்புக் கம்மி'ன்னும் எருமைகிட்டத்தான் சொல்லுவாரு. எருமைக்கு உப்பப் பத்தி என்ன தெரியும்? மறுக்கா நான் போட்டுருவன். இந்தச் சுத்து வட்டாரத்துலயே சண்ட சச்சரவு இல்லாத ஊடு எங்கூடுதான், யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு.

நடுவுல ஒருக்கா எருமைய வித்துப்போட்டம். புதுசா ஒண்ணு புடிக்க எட்டு மாசம் ஆயிப்போச்சு. கட்டுத்தறி காலியாக் கெடந்துச்சு. அந்த எட்டு மாசம் மட்டும் கொஞ்சம் செரமமாப் போச்சு.

பொண்ணு ஒண்ணு. திருப்பூர்ல கட்டிக் குடுத்தாச்சு. போன் பண்ணி, 'அப்பா என்னம்மா பண்றாரு?'ன்னு கேப்பா. 'பேசீட்டிருக்கறாரு'ம்பன். அவளுக்குத் தெரியும் யார்கிட்டன்னு.

இப்பக்கூடக் கட்டுத்தறிலதான் இருக்கறாரு. கேக்குதா? அந்தச் சத்தம்தான்.

சரி, பேருக்கு வாரன். இந்தப் பேரு என்னைய என்ன பாடு படுத்துச்சுன்னு உனக்குச் சொன்னாத்தான் தெரியும். காஸ் சிலிண்டர்க்காரன் போன் பண்ணுனா, 'வேலாத்தா ஸ்டாப்பு ஊடுதானுங்க?'ம்பான். எம் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிச்சம். வழி போடற எடத்துல, அந்த அச்சாபீசுக்காரன் எங்களக் கேக்காமயே 'வேலாத்தா நிறுத்தத்தில் இறங்கவும்'னு போட்டுட்டான். எம் பொண்ணு கல்யாணப் பத்திரிகைல அவ பேரு அச்சாயிருக்குது. நான் என்ற சொந்தக்காரங்களுக்குக் குடுத்த அம்பது பத்திரிகைலயும் பேனா வெச்சு அடிச்சன். அடிச்சதும் என்னாச்சு? எல்லாரும் எங்க எறங்கறதுன்னு தெரியாம முந்துன ஸ்டாப்பு ரைஸ் மில்லுல போயி எறங்கி வெயில்ல நடந்து வந்தாங்க.

அப்பறம் ஒரு யோசன பண்ணுனன். வாசல்ல பெருசா வேற ஒண்ணு இருந்தா சனங்க அதும் பேரச் சொல்லிப் பழகிக்குவாங்கல்ல? மாவு மில்லு போட்டன். பாத்தியே வாரப்ப, மஞ்சக் கதவு, அதுதான். மில்லு ஸ்டாப்புன்னு சொல்லுவாங்கன்னு நெனைச்சன். ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா அதுக்கு வேலாத்தா மில்லுன்னு பேரு.

மில்லு வெச்சிருக்கறவ நானு. அப்ப நான் யாரு? ஊருக்குப் புதுசா வாழ வந்த புள்ளைங்களுக்கு என்ன தெரியும்? 'வேலாத்தாக்கா, ராகிய நைசா அரைச்சுக் குடுங்க'ன்னு வந்து நிக்கறாங்க. மொத தடவ கேட்டப்ப எனக்கு ஒடம்பெல்லாம் பத்திக்கிட்டு வந்துச்சு. இப்பப் பழகிப் போச்சு. இல்ல, பழகுல. கூப்புட்டாத் திரும்பறன், அவ்வளவுதான்.

பஸ்ஸுல ஏறுனா டிக்கெட்டு வாங்கோணும்ல? பேரச் சொல்லோணும்ல? நான் சொல்ல மாட்டன். அடுத்த ஸ்டாப்பு ஊஞ்சக்காடு. 'ஊஞ்சக்காடு ஒண்ணு'ம்பன். அங்க போயி எறங்கி, அர மைல் திரும்பி நடந்து வருவன். பஸ்ஸு எங்கூட்டு வாசல்ல நிக்கும், நான் எறங்க மாட்டன். தலைல பை இருந்தாலும் சரி, மழை பேஞ்சாலும் சரி. ஒரு கண்டக்டரு, 'ஏங்கக்கா, ஊடு இங்கதான இருக்குது?'ன்னு கேட்டான். 'எனக்கு நடக்கறது புடிக்கும்'னன். டாக்டரு சொன்னாராக்கும்னு நெனைச்சுக்கிட்டான்.

இப்படியே இருந்துச்சு. போன தை மாசம், நெழல்கொடை கட்டப் போறம், போர்டு வெக்கறம்னாங்க. நான் நேரா தலைவரம்மாகிட்டப் போனன். பேர மாத்துங்கன்னன். நல்ல பொம்பளதான். ஆனா அவங்க, 'சும்மா மாத்த முடியாதுக்கா. அந்தப் பேரு எப்படி வந்துச்சுன்னு மொதல்ல தெரியோணும். அதுக்கு முன்னால பழைய பேரு ஏதாச்சும் இருந்தாக் கண்டுபுடிச்சுட்டு வாங்க, வெச்சுக்கலாம். இல்லைன்னா அந்தப் பேருக்காரங்களே வேண்டாம்னு எழுதிக் குடுக்கோணும்'னாங்க.

அப்படித்தான் நானும் உன்னையாட்டமே பேரு தேடக் கெளம்புனன். நோட்டு மட்டும்தான் இல்ல.

மொதல்ல மேலக்காட்டு மயிலப்ப மாமாவக் கேட்டன். எண்பத்தஞ்சு வயசு. 'அது வேலாத்தான்னு ஒரு சாமி இருந்துச்சு அம்மிணி, ரோடு போடறப்ப எடுத்துட்டாங்க'ன்னாரு. எடுத்த சாமிய எங்க வெச்சாங்கன்னு கேட்டன். அது தெரியலைன்னுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. தபால்காரரக் கேட்டன். வெள்ளக்காரன் காலத்து சர்வே கல்லுலயே அந்தப் பேரு செதுக்கியிருக்குதுன்னாரு. முள்ளுக்குள்ள பூந்து அந்தக் கல்லப் போயிப் பாத்தன். நம்பர்தான் இருந்துச்சு. பால் சொசைட்டிச் செயலாளரு, திப்பு சுல்தான் படை வந்தப்ப ஒரு வீரப் பொம்பள இங்க நின்னு தடுத்தாங்க, அவங்க பேருன்னாரு. அவங்க பேரு எப்படி வேலாத்தான்னு இவருக்குத் தெரியும்னு நான் கேக்குல. மரியாதையாச் சொல்றாரு, எதுக்குக் கேக்கறது.

ஒரே ஒரு ஆளு கூட எம் மூஞ்சிக்கு நேரா, அது உங்கூட்டுல இருந்து போனவ பேருன்னு சொல்லுல. எல்லாருக்கும் தெரியும். எனக்கு வருத்தமாயிரும்னு அவளச் சாமியாக்கிப்போட்டாங்க. அடுத்த மாசம் போனா மயிலப்ப மாமா, அந்தச் சாமிக்குக் கெடா வெட்டுனது ஞாபகம் இருக்குதுங்கறாரு.

சாமின்னா இன்னும் மோசமில்ல? பொம்பள பேர மாத்தலாம். சாமி பேர எப்படி மாத்தறது? இன்னுங் கொஞ்ச நாள் உட்டா இங்க ஒரு கோயலே கட்டிப்போடுவாங்க. அதுக்கும் நான்தான் வாசல் தெளிக்கோணும்.

அப்பத்தான் எனக்கு யோசன வந்துச்சு. பஸ் ஸ்டாப்புப் பேர எதுக்குக் காட்டுலயும் மேட்டுலயும் தேடறது? பஸ்ஸுக்காரனக் கேக்கலாமல்ல. அந்தக் காலத்துல இந்த ரோட்டுல ஒரே வண்டிதான். அதுல கண்டக்டரா இருந்தவரு சென்னியப்பன். கோபியில மக ஊட்டுல இருக்கறாருன்னு கேள்விப்பட்டுப் போனன். வயசாயிப்போச்சு. காது மந்தம். ஞாபகம் மட்டும் கெட்டியா இருந்துச்சு. நான் யாருன்னு சொல்லுல. மில்லுக்காரின்னு மட்டும் சொன்னன்.

அவரு சொன்னத அவரு சொன்ன மாதிரியே சொல்றன், எழுதிக்க. கோட்டுக்குக் கீழ எழுதிக்க.

'அப்ப அங்க ஸ்டாப்பே கெடையாது அம்மிணி. ரைஸ் மில்லு உட்டா ஊஞ்சக்காடுதான். ஒரு நாளு காத்தால எட்டு மணி வண்டி. நடு ரோட்டுல ஒரு பொம்பளப் புள்ள நிக்குது. கையில தகரப் பொட்டி. டிரைவரு ஆரன் அடிக்கறாரு, நகருல. வண்டி நின்னுது. எங்க போகோணும்னன். இந்த வண்டி எங்க போவுதுங்கன்னுச்சு. சத்திக்கு, சத்தியமங்கலத்துக்குன்னன். அங்கயே குடுங்கன்னுச்சு. ஏறுச்சு பாரு, ஏறுனதுல இருந்து பேச்சு.'

நான், 'புருசனப் பத்தி என்னங்க சொன்னா?'ன்னு கேட்டன். அதக் கேக்கத்தான போனது.

'புருசனப் பத்தி ஒரு வார்த்த சொல்லுலயே. பருத்திக் காட்டுல சாரப்பாம்பு பாத்த கதை. கடவாப் பல்லு வலிச்சு ராத்திரியெல்லாம் கெராம்பு கடிச்ச கதை. செத்துப்போன அப்பன் கனவுல வந்து தோசை கேட்ட கதை. இதெல்லாம் மூணு வருசமா யார்கிட்டயும் சொல்லாமச் சேந்து போச்சுங்கண்ணா, சித்தெ சொல்லி முடிச்சர்றனுங்கன்னு சொல்லிப்போட்டுச் சொல்லுச்சு. பஸ்ஸே கேட்டுச்சு. ஆத்துப்பாலத்துல எறங்க வேண்டியவரு ஒருத்தரு, பாம்பு என்னாச்சுன்னு தெரியாம எறங்க மாட்டன்னு அடுத்த ஸ்டாப்பு வரைக்கும் வந்தாரு. பேரு வேலாத்தான்னும் அதுதான் சொல்லுச்சு.

'மறுநாளு அந்த எடம் வந்தப்ப பஸ்ஸுல எல்லாரும் எட்டிப் பாக்கறாங்க, அந்தப் புள்ள நிக்குதான்னு. டிரைவரு தானா வேகத்தக் கொறச்சாரு. நிக்குல. அடுத்த நாளும் கொறச்சாரு. ஒரு மாசம் இப்படி. வண்டி மெல்லப் போறதப் பாத்துட்டு ரெண்டு பேரு அங்கயே எறங்க ஆரம்பிச்சாங்க. வேலாத்தா ஏறுன எடத்துல நிறுத்துங்கன்னாங்க. அப்பறம் அது ஸ்டாப்பாப் போச்சு.'

எனக்கு அப்படியொரு ஆத்தரம் வந்துச்சு. ஒரே ஒரு நாளு ஏறுனவளுக்கு ஸ்டாப்பா? நான் முப்பத்தொரு வருசமா எறங்கறன்! எறங்கறதில்ல, சரி, ஊஞ்சக்காட்டுல எறங்கறன். இருந்தாலும் போறதும் வாரதும் நான்தான? அவ மறுக்கா இந்தப் பக்கம் தலைவெச்சுக்கூடப் படுக்குல.

'அவ இப்ப எங்கீங்க?'ன்னு கேட்டன். சத்தி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பைக்கு சைக்கிள் நிறுத்தற வண்டி ஸ்டேண்டுல டோக்கன் குடுக்கறதாச் சொன்னாரு. அவளே எழுதிக் குடுத்தா வேலை முடிஞ்சுதுன்னு கெளம்பிட்டன். ஜெராக்ஸ் கடைல சொல்லி டைப் அடிச்சு வாங்கிக்கிட்டன். 'மேற்படி நிறுத்தத்திற்கு எனது பெயர் வேண்டாம் என்று முழு மனதுடன் சம்மதிக்கிறேன்'னு. அந்தப் பையன் நல்லா எழுதியிருந்தான்.

சத்திக்குப் போனன். தகரக் கொட்டாய்ல நூறு வண்டி நிக்குது. வாசல்ல ஸ்டூல் போட்டு உக்காந்திருக்கறா. என்னைய உட ஒண்ணு ரெண்டு வயசு மூப்பு இருக்கும். நல்ல ஒசரம். வண்டி உடறவன் ஒவ்வொருத்தங்கிட்டயும் பேசறா. ஒருத்தங்கிட்ட, 'உங்கம்மாவுக்குக் கண்ணாப்பரேசன் ஆயிருச்சா?'ங்கறா. இன்னொருத்தங்கிட்ட, 'ஏண்டா, ஹெல்மெட்டக் கண்ணாடில மாட்டாத, காக்கா கூடு கட்டீரும்'ங்கறா. எனக்கு எடையில பூர எடமே கெடைக்குல.

ஒருவழியாச் சொன்னன், நான் இன்னாருன்னு. அவ ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சு என்னைய உக்காரச் சொன்னா. கடுதாசியக் குடுத்தன். படிச்சா. மறுக்காப் படிச்சா. அப்பறம் சிரிச்சா பாரு, கண்ணுல தண்ணி வார வரைக்கும் சிரிச்சா. 'எம் பேருல ஸ்டாப்பா? நெசமாலுமா? பஸ்ஸு நிக்குதா?'ன்னு கேக்கறா. பக்கத்து டீக்கடைக்காரரக் கூப்புட்டு, 'எம் பேருல ஸ்டாப்பு இருக்குதுங்க'ன்னு சொல்றா. அவளுக்கு இத்தன வருசமாத் தெரியவே தெரியாது. எனக்கு ராத்தூக்கமில்லாமப் பண்ணுன விசயம் அவளுக்குத் தெரியவே தெரியாது!

டீ வாங்கிக் குடுத்தா. கையெழுத்துப் போடப் பேனா எடுத்தா. எடுத்துப்போட்டு, மெதுவா ஒரு கேள்வி கேட்டா. சுத்தி வண்டி சத்தம், ஆனா அவ மெதுவாத்தான் கேட்டா.

'அவுரு இப்பப் பேசறாருங்களா?'

நான் என்ன சொல்லியிருக்கோணும்? நீயே சொல்லு. நான் அவ ஸ்டூல்ல உக்காந்திருக்கறன். அவ வாங்கிக் குடுத்த டீயக் குடிச்சுட்டிருக்கறன். அவ என்னைய மேலயும் கீழயும் பாக்கறா, எனக்கு ஏதோ பாவம் பாக்கற மாதிரி இருந்துச்சு. அது எனக்குப் புடிக்குல. 'அவரா? ஓய மாட்டாருங்க. ரேடியோ தோத்துப்போயிரும். துளசிமணி துளசிமணின்னு ஒரு நாளைக்கு நூறு தடவ கூப்புடுவாரு. நாந்தான் சித்தெ சும்மா இருங்கன்னு சொல்லோணும்'னன்.

சொல்லச் சொல்ல எனக்கே நல்லா இருந்துச்சு கண்ணு. அதுதான் கொடுமை. நேத்து எங்கிட்ட அப்படிச் சொன்னாரு, முந்தாநேத்து இப்படிச் சொன்னாருன்னு அடுக்கீட்டே போறன். எம் பேர அவுரு வாயில நான் ஒருக்காக் கூடக் கேட்டதில்ல. ஆனா அன்னைக்கு அந்தக் கொட்டாய்ல அவுரு கொரலே எனக்குக் கேட்டுச்சு.

அவ கேட்டுக்கிட்டே இருந்தா. அப்பறம், 'அப்படீங்களா'ன்னா. பேனா மூடியக் கழட்டிக்கிட்டே, 'அப்ப எங்கிட்டத்தான் என்னமோ கோளாறு இருந்திருக்குது. இத்தன வருசமா நான் அவுரு மேலதான் தப்புன்னு நெனைச்சுட்டு இருந்தனுங்க'ன்னா.

கையெழுத்துப் போட்டுக் குடுத்தா. பஸ்ஸு வரைக்கும் கூட வந்தா. வழியில ஒரு வார்த்த பேசுல. வண்டி எடுக்க வந்தவங்க கூப்புடறாங்க, அவங்ககிட்டயும் பேசுல. நான் சன்னலோரமா உக்காந்து பாத்தன். பஸ்ஸு கெளம்பற வரைக்கும் நின்னா, சும்மா நின்னா. அந்த மாதிரிச் சும்மா இருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் அதுலதான் குடியிருக்கறன்.

எறங்கிப் போயிச் சொல்லீரலாம்னு பாத்தன், பொய் சொன்னன் ஆத்தா, அவுரு எருமைகிட்டத்தான் பேசறாருன்னு. வண்டி நகந்துருச்சு. கண்டக்டரு வந்து எங்கீங்கன்னான். ஊஞ்சக்காடுன்னு சொல்லத்தான் வாயத் தொறந்தன், 'வேலாத்தா ஸ்டாப்பு ஒண்ணு'ன்னு வந்துருச்சு. கல்யாணத்தன்னைக்கு எறங்குனதுக்கப்பறம் அன்னைக்குத்தான் எங்கூட்டு வாசல்ல எறங்குனன். அவுரு பாத்தாரு. எருமைகிட்ட, 'இன்னைக்கி நேரமே வந்தாச்சாட்டருக்குது'ன்னாரு.

இது ரெண்டு மாசத்துக்கு முன்னால. அந்தக் கடுதாசி உள்ள அரிசி டப்பாவுக்கு அடியில இருக்குது. இப்ப எடுத்து உங்கையில குடுத்தா முடிஞ்சுது. துளசிமணி நிறுத்தம்னு நீ எழுதிருவ. வெள்ளிக்கெழம பெயிண்டரு வந்து எழுதிருவான். இந்த ரோட்டுல போற ஒவ்வொரு கண்டக்டரும் ஒரு நாளைக்கு நாலு தடவ எம் பேரக் கத்துவான். எம் பேர யாராச்சும் சத்தமாக் கூப்புடோணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உனக்குத் தெரியாது அம்மிணி. வெக்கமில்லாமச் சொல்றன், நெம்ப ஆசை.

நீ கேட்டத் தொறந்துட்டு வார வரைக்கும் குடுக்கறதாத்தான் இருந்தன். ஆனா நீ எழுதற அந்த அச்சடிச்ச பாரத்துல ஒரு கட்டம் போட்டு வெச்சிருக்கற பாரு, பேர் வரக் காரணம்னு. துளசிமணின்னு போட்டா அதுக்கு என்ன காரணம் எழுதுவ? முப்பத்தொரு வருசம் இங்கயே இருந்தான்னா? இருக்கறவங்களுக்கெல்லாம் ஸ்டாப்பு வெச்சா ரோடு பத்தாது.

அவ சத்தியில உக்காந்துக்கிட்டு தங்கிட்டத்தான் கோளாறுன்னு நெனைச்சுட்டிருக்கறா. நான் சொன்ன பொய்ய நெசம்னு வெச்சுக்கிட்டு. ஊருக்கே பேசறவ, நான் போனதுல இருந்து பேசறாளா இல்லையான்னு கூடத் தெரியல. எனக்கு அதுதான் தாங்குல. பேரு போனாப் போவுது.

கோட்ட உடு. அதும் பக்கத்துல புதுசா எழுது. நிறுத்தத்தின் பேரு, வேலாத்தா. காரணம், அவ இங்க ஏறுனா. ஏன் ஏறுனான்னா, ஊட்டுல அவகிட்ட யாரும் பேசுல. இப்பவும் அவுரு பேசறதில்ல. அவ மேல ஒரு தப்பும் இல்ல. எழுதீட்டியா? அந்த 'இப்பவும் பேசறதில்ல'ங்கறத உட்டறாத. மத்ததெல்லாம் ஊருக்கு. அது மட்டும் அவளுக்கு. உங்க காலேஜு சாரு இதையெல்லாம் புஸ்தகமாப் போட்டா, சத்தி வண்டி ஸ்டேண்டுக்கு ஒண்ணு தபால்ல அனுப்பச் சொல்லு, நான் சொன்னன்னு சொல்லு.

தகவல் சொன்னவர்னு கீழ ஒரு கட்டம் இருக்குதே, அது எதுக்கு? என்ற பேரு போடறதுக்கா? போடு. து, ள, சி, ம, ணி. நல்லாப் பெருசாப் போடு.

இப்ப ஒருக்காப் படிச்சுக் காட்டு பாக்கலாம். பேர்ல இருந்து கடைசி வரைக்கும். சத்தமாப் படி சாமி, இன்னுங் கொஞ்சம் சத்தமா, கட்டுத்தறி வரைக்கும் கேக்கோணும். அவருக்குக் காது நல்லாக் கேக்கும்.